கடை மலையாளம்

இன்று காலை தென்காசியில் என் வீட்டுக்காரருக்குப் பேச்சுப் பயிற்சி. ஸ்ட்ரோக் வந்து நான்கு மாதமாகிறது.

பயிற்சி கொடுக்கும் பெண் பூனைப் படத்தைக் காட்டி, "இது என்னது அண்ணாச்சி?" என்றாள்.

வெகுநேரம் பார்த்துவிட்டு, "பூச்ச" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அது மலையாளம். கேரளாவில், புனலூரில் பதினெட்டு வருடம் அவர் பலசரக்குக் கடை வைத்திருந்தபோது பழகியது.

"சில பேருக்கு அப்பிடித்தான்க்கா. ரெண்டாவதா படிச்ச பாஷை மொதல்ல திரும்பி வரும்" என்றாள் அந்தப் பெண்.

எந்தப் பாஷையாக இருந்தால் என்ன, வாய் திறந்தாரே என்று இருந்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது ஆலங்குளம் பஸ்ஸில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் யாருன்னு சொல்லுங்க" என்றேன்.

சிரித்த முகமாகத் திரும்பி, "சேச்சிக்கு வேறெந்து வேணம்?" என்றார்.

அக்காவுக்கு வேறென்ன வேண்டும் என்று கடைக்கு வருகிறவர்களிடம் கேட்பது. அவர் கற்ற மலையாளத்தில் வாடிக்கையாளர்கள் மட்டும்தான் இருக்கிறார்கள்.

தமிழில் என்னை "ஏட்டி" என்பார். நாலு பேர் முன்னால் அப்படிக் கூப்பிடாதீர்கள் என்று எத்தனை சண்டை போட்டிருக்கிறேன்.

மலையாளம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பெண்டாட்டியை அதட்டிக் கூப்பிட அங்கே என்ன சொல்வார்கள்? நாளைக்கு அவருக்கு அதைத்தான் சொல்லிக்கொடுக்கப் போகிறேன்.