எட்டாவது கார்

உள்ளறையிலிருந்து மறுபடியும் அந்த உறுமல் கேட்டது.

தையல் இயந்திரத்தின் மிதியில் அவள் கால் அப்படியே நின்றது. காலையிலிருந்து இது எத்தனையாவது தடவை என்று எண்ணுவதை அவள் எப்போதோ விட்டுவிட்டாள். கைபேசியில் யாரோ எடுத்துப் பரப்பிவிட்ட காட்சி. பத்துப் பதினோரு விநாடிதான். முதலில் இரண்டு கார்கள் சேர்ந்து கத்தும். ஒன்று இருமி அடங்கும். மற்றது மட்டும் தொண்டை கிழிய ஏறிக்கொண்டே போகும். கோடு வருவதற்குக் கண்ணிமைக்கும் நேரம் முன்னால் அந்தக் குரலும் தாழும். உடனே கூட்டம் ஒரே வாயாக "அய்யோ!" என்று அலறும்.

அந்தத் தாழ்ந்த குரல் அவள் புருஷனுடைய காருடையது.

"போதுங்க, நிறுத்துங்க," என்றாள் இங்கிருந்தே. "நூறு தடவை பார்த்தாலும் அது அப்படியேதான் முடியும்."

உறுமல் மறுபடி தொடங்கியது.

அவர் பேருந்துப் பணிமனையில் பிரேக் பார்ப்பவர். அவள் வீட்டிலேயே கார்களுக்கு சீட் உறை தைப்பவள். பத்தொன்பது வருஷமாக, விடுமுறை நாளெல்லாம், அவர் ஒரு பழைய காரைக் கால் மைல் தூரம் நேர்கோட்டில் விரட்டிக்கொண்டிருந்தார். பத்தொன்பது வருஷம்! ஒரு பிள்ளையைப் பெற்று, வளர்த்து, வேலைக்கே அனுப்பிவிடலாம். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. பின்பக்கக் கொட்டகையில் கார்தான் இருந்தது.

அந்தப் பந்தயத்திலும் இரண்டு பந்தி உண்டு. தொழில்முறை ஓட்டுநர்களுக்கு மாலை நேரம், விளக்கு வெளிச்சம், கேமரா, நிரம்பி வழியும் கேலரி. சொந்தச் செலவில் ஓட்டும் அமெச்சூர்களுக்குக் காலை ஏழு மணி, ஈரம் காயாத தடம், காலி நாற்காலிகள். கேலரியைப் பெருக்கும் பெண் துடைப்பத்தை ஊன்றி நின்று பார்த்தால் அதுதான் ஜனத்திரள். ஒத்திகை பார்க்கும் பெரிய கார் ஒன்று தடத்தில் எண்ணெயைக் கொட்டிவிட்டால், துடைக்கிற நேரம் கழிக்கப்படுவதும் அமெச்சூர்களின் கணக்கில்தான்.

அமெச்சூர்களுக்கு ஒரு விசித்திரமான விதியும் உண்டு. எல்லார் காரும் ஒரே தரம் இல்லையே! அதனால் தன் கார் கால் மைலை எத்தனை விநாடியில் ஓடும் என்று ஒவ்வொருவரும் முன்னதாகவே கண்ணாடியில் வெள்ளை மையால் எழுதிவிட வேண்டும். மெதுவான காரை அந்த வித்தியாசத்துக்கு ஏற்ப முன்னால் கிளப்பிவிடுவார்கள். முதலில் கோட்டைத் தொடுபவருக்கு வெற்றி. ஆனால் தான் எழுதிய நேரத்தைவிட வேகமாக ஓடிவிட்டால் தோல்வி. ஆகவே பக்கத்துக் காரை முந்திவிட்டோம் என்று கடைக்கண்ணில் தெரிந்த அந்த நொடியே, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை லேசாக எடுத்துவிட வேண்டும். அந்த வித்தையில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. எப்போதும் பத்தரை விநாடி என்றே எழுதுவார், பத்தரையிலேயே வந்து நிற்பார். அதனால் அவருக்குப் பேரே 'பத்தரை' என்று ஆகிவிட்டது. "நம்ம ஆளு பத்தரை மாத்துத் தங்கம்யா!" என்பார்கள் பணிமனையில்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தத் தங்கத்துக்குத்தான் சோதனை வந்தது.

மாலைப் பந்தயத்துக்கு எட்டு கார்கள் வேண்டும். ஒரு காரின் இஞ்சின் ஒத்திகையிலேயே வெடித்துவிட்டது. ஏழோடு ஆரம்பித்தால் ஜோடி சேராது என்று, காலையில் அமெச்சூர்களில் முதலாவதாக வந்த இவரை அழைத்தார்கள். முதல் சுற்றிலேயே போட்டியாக நின்றவர் ஐந்து வருஷ சாம்பியன். ஆறு விநாடியில் பறக்கிற கார். தடத்துப் பணியாள் ஒருவன் ஈரத் துணியோடு வந்து, "இங்க இதெல்லாம் தேவையில்லண்ணே," என்று சிரித்தபடி கண்ணாடியில் இருந்த பத்தரையைத் துடைத்துவிட்டுப் போனான்.

அவள் அன்றைக்குத்தான் முதல் தடவையாக மாலைக் கேலரியில் உட்கார்ந்திருந்தாள். பச்சை விளக்கு எரிந்தது. சாம்பியனின் சக்கரம் வழுக்கிப் புகை கக்கியது, கார் தள்ளாடி இருமி நின்றேவிட்டது. அவள் புருஷனின் பழைய கார் அதைத் தாண்டிப் போனது! அவள் நாற்காலி மேல் ஏறி நின்று, பேர் சொல்லக் கூச்சப்பட்ட புருஷனைப் பேர் சொல்லியே கத்தினாள். அப்போதுதான் அந்தக் குரல் தாழ்ந்தது. பின்னால் சுதாரித்துச் சீறி வந்த சாம்பியன் ஒரு முழ வித்தியாசத்தில் கோட்டைத் தொட்டுவிட்டான்.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

"கால் தானா எடுத்துருச்சு," என்றார் அவர், அன்றிரவு. "முந்திட்டேன்னு தெரிஞ்சுது. எடுத்துட்டேன். அங்க அந்த விதியே கிடையாதுங்கறது கோட்டைத் தாண்டின பிறகுதான் ஞாபகம் வந்துது."

யார் நம்புவார்கள்? "பிரேக் போடறதுதானே அவன் தொழிலே!" என்று பணிமனையில் சிரித்தார்கள். அவளுடைய தம்பி வந்து, வாசலில் நின்றுகொண்டே, "மாமா விலை போயிட்டாருக்கா. ஊரே சொல்லுது," என்று சொல்லிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போனான். அவள் அவனை மறுக்கவில்லை. ஒரு வாரமாகப் புருஷனுக்குச் சோறு போட்டாள், துணி துவைத்தாள், முகம் பார்த்துப் பேசவில்லை. ஒரே ஒரு தடவை கேட்டாள்: "என்கிட்டயாவது நிஜத்தைச் சொல்லுங்க. வேணும்னுதானே விட்டீங்க?" அவர் அவளையே பார்த்துவிட்டு, கைபேசியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

கதவு தட்டப்பட்டது.

வெளுத்த சட்டை, பளபளக்கும் ஷூ, கையில் ஒரு பெரிய பை. சாம்பியன் அணியின் மேலாளர். "அண்ணே இருக்காருங்களா அக்கா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்து, துணி உருளைகளைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தார். அவள் புருஷன் உள்ளறையிலிருந்து வெளியே வந்தார். அவள் தைப்பதுபோல் குனிந்துகொண்டாள். ஊசி ஓடவில்லை.

"முதலாளி வாயைத் திறந்தா உங்க பேச்சுதாண்ணே. 'அந்தாளுக்குப் பெரிய மனசுய்யா, ஜெயிக்கிற நேரத்துலகூட சீனியருக்கு வழி விட்டாரு'ங்கறாரு."

"நான் வழி விடலை."

"தன்னடக்கத்தைப் பாருங்க!"

"தன்னடக்கம் இல்ல தம்பி. மறதி. பத்தொன்பது வருஷப் பழக்கம், காலுக்கு வந்துருச்சு. நான் ஜெயிக்கத்தான் ஓட்டினேன்."

மேலாளரின் சிரிப்பு பாதியில் நின்றது. "இதை வெளிய யார்கிட்டயாச்சும் சொன்னீங்களா?"

"எல்லார்கிட்டயும் சொன்னேன். ஒருத்தரும் நம்பலை." அவர் பார்வை தையல் இயந்திரத்தின் பக்கம் வந்து போனது. "வீட்லயும் நம்பலை."

"நல்லதாப் போச்சு!" என்றார் மேலாளர், நிஜமான நிம்மதியோடு. நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டார். "ஊர்ல ரெண்டு பேச்சு ஓடுதுண்ணே. பஸ் டிப்போ ஆள்கிட்ட சாம்பியன் தோக்கப் பார்த்தான்னு ஒண்ணு. நாங்க உங்களை வாங்கிட்டோம்னு ஒண்ணு. ரெண்டுமே எங்களுக்கு அசிங்கம். புதன்கிழமை டிவிக்காரங்க வர்றாங்க. நீங்க ரெண்டே வரி சொன்னாப் போதும். 'அவரைப் பார்த்துத்தான் நான் கார் ஓட்டவே வந்தேன். அவரை முந்த எனக்கு மனசு வரலை.' அவ்வளவுதான்."

"சொன்னா?"

"இனிமே ஒவ்வொரு வருஷமும் அந்த எட்டாவது இடம் உங்களுக்கு. சாயங்காலம், லைட்டு, கூட்டம், எல்லாம். அமைப்பாளர்கள்கிட்டயும் பேசியாச்சு."

"எட்டுப் பேரும் வந்துட்டா?"

"எவனாவது ஒருத்தன் இஞ்சின் வெடிக்காமயா போயிடும்?" மேலாளர் கண்ணைச் சிமிட்டினார். "முதல் சுத்து எங்க ஆளோடதான் இருக்கும். உங்களுக்குத்தான் கால் நல்லாப் பழகியிருக்கே!"

எழுந்து வெளியே போகச் சொல்லுங்கள், இந்த ஆளை எழுப்பி வெளியே தள்ளுங்கள் என்று மனசுக்குள் கத்தினாள். கேலரியில் கத்தியதைவிட உரக்க.

அவர் சுவரைப் பார்த்தார். கொட்டகை இருந்த திசையைப் பார்த்தார். பிறகு, பாடம் தெரியாத பிள்ளை மாதிரி, "அந்த ரெண்டு வரியை இன்னொரு தடவை சொல்லுங்க தம்பி. நான் மறந்துடுவேன்," என்றார்.

மேலாளர் சொன்னார். இவர் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். "அவரை முந்த எனக்கு மனசு வரலை... மனசு வரலை..."

அப்போதுதான் அவளுக்குச் சுரீரென்றது. முன்பே விலை போனவருக்கு இன்றைக்குப் பேரம் எதற்கு? அப்படியானால் அன்றிரவு அவர் சொன்னது சத்தியம். ஊர் போகட்டும். கட்டிய அவளாவது, "நான் நம்பறேங்க," என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்? ஒரு வாரம் முழுக்க அந்த உறுமலோடு அவரைத் தனியே விட்டுவிட்டாளே! நிஜத்தைச் சொன்ன மனுஷனை ஒருவரும் ஏற்கவில்லை. பொய்யைச் சொன்னால் நாற்காலி போட்டு உட்கார வைக்கிறார்கள். இப்போது நம்பி என்ன செய்ய?

மேலாளர் பையைப் பிரித்து அணியின் மேல்சட்டை ஒன்றை எடுத்து நீட்டினார். அவள் புருஷன் வாங்கி, மடியில் வைத்துத் தடவினார். பத்தொன்பது வருஷமாக அவர் ஆசைப்பட்ட சட்டை. அவள் எழுந்து வந்து அதை விரித்துப் பார்த்தாள். நெஞ்சுப் பக்கம் பேர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. வெறுமை இல்லை. வரிசையாக ஊசித் துளைகள். தைத்திருந்த பேரை யாரோ அவசரமாகப் பிரித்திருந்தார்கள்.

"இது யாரோட பேருங்க?"

"போன வருஷத்து எட்டாவது ஆளுதுக்கா. கொஞ்சம் வாய்த்துடுக்கு, நிறுத்திட்டோம்." மேலாளர் கூச்சமே இல்லாமல் சிரித்தபடி எழுந்தார். "நல்ல துணி. வீணாகக் கூடாதில்ல?"

அவள் புருஷன் தலை நிமிரவில்லை. "பேரைத் தச்சுக் கொடுத்துடறியா?" என்று மட்டும் கேட்டார், சட்டையைப் பார்த்தபடியே.

"என்ன பேருங்க தைக்க?" என்றாள். குரல் உடைந்தது. "பத்தரைன்னா?"

அவர் உதடுகள் மட்டும் அந்த இரண்டு வரியை முணுமுணுத்துக்கொண்டிருந்தன.

மேலாளர் ஷூ ஒலிக்க வாசற்படி இறங்கினார். தெருவில் நின்று திரும்பிப் பார்த்து, "கொஞ்சம் பெருசாவே தைங்கக்கா. டிவியில தெரியணும்," என்றார்.

அவள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.