பதினேழு படங்களில் விழுந்த நிழல்

எங்கள் அச்சுக்கடையில் எனக்குக் கத்திரி என்று பெயர். கையில் கத்திரி பிடித்ததே கிடையாது. கம்ப்யூட்டரில் ஆட்களை வெட்டி எடுப்பதுதான் வேலை. கல்யாணப் படத்திலிருந்து சண்டை போட்டுப் போன சம்பந்தியை எடுத்துவிடுவேன். பின்னால் தெரியும் குப்பைத் தொட்டியையும் முகத்தில் விழுந்த கம்பி நிழலையும் எடுத்துவிடுவேன். இருபது வருஷமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இதைத்தான் செய்கிறேன். அதனால் வந்த வினை இது.

எங்கள் தெருப் பெண் ஒருத்தி உலகத் தடகளப் போட்டிக்குத் தேர்வானாள். ஐயாயிரம் மீட்டர் ஓட்டம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவள் பதினான்காவதாக வந்தாள். பதக்கக் கதை தேடுகிறவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

விளையாட்டுச் சங்கச் செயலாளர் கடைக்கு வந்தார். "மைதானத்துச் சுவர் முழுக்க ஒரு படம் வேணும். சின்ன வயசுலேர்ந்து அவ ஓடின போட்டோ எல்லாத்தையும் ஒண்ணா சேத்து, நடுவுல உலக உருண்டை, சுத்தி எல்லா நாட்டுக் கொடியும் வச்சு ஜோரா பண்ணுங்க" என்றார். தன் படத்தையும் மறக்காமல் கொண்டுவந்திருந்தார், நாலு கோணத்தில். ஓடப்போவது அவள், வியர்த்தது இவருக்கு.

பெண்ணின் படங்களைக் கொண்டுவந்தவர் அவளுடைய அத்தை. தெருவே அவரை அத்தை என்றுதான் கூப்பிடும். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளைத் தேய்த்து மடிக்கிற வேலை. அவருடைய அண்ணன், அதாவது பெண்ணின் அப்பா, பாதி மாதம் லாரியோடு வெளியூரில், அண்ணிக்கு விடிந்தால் கடை திறக்க வேண்டும். ஆகவே பெண்ணை எழுப்பியது, மைதானத்துக்குக் கூட்டிப்போனது, ஓட ஓட நேரம் பார்த்துச் சொன்னது எல்லாம் அத்தைதான். ஏழரைக்கு வேலையில் கையெழுத்து, ஆறு மணிக்கு மைதானம், இப்படிப் பதினோரு வருஷம். இதையெல்லாம் அவர் வாயைத் திறந்து சொல்லவில்லை. தெருவில் பார்த்தது பாதி, படங்களில் பதிந்திருந்த தேதியையும் நேரத்தையும் பார்த்துத் தெரிந்துகொண்டது மீதி.

"உங்க படம் ஒண்ணு குடுங்க அத்தை" என்றேன்.

"எடுக்கிறவ எப்படிப்பா படத்துல வருவா? அவ ஓடினா, அவ இருந்தா போதும்."

"வேலை செய்யற இடத்து அட்டையில இருக்குமே?"

"அதைப் பாத்தா நானே பயந்துக்குவேன்" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

மூன்று வாரம் வேலை பார்த்தேன். வெறுங்காலோடு ஓடிய பத்து வயதுப் பிள்ளை முதல் முள் வைத்த ஷூ போட்ட இன்றைய பெண் வரை பதினேழு படங்களைப் பொறுக்கி, ஓடுபாதை மாதிரி வளைத்து அடுக்கினேன். எல்லாவற்றிலும் ஒரே குறை. கீழே, அவள் கால் பக்கத்தில், நீளமாக ஒரு கறுப்பு நிழல். "வெயில் முகத்துல பட்டாத்தான் பிள்ளை தெளிவா தெரியும்" என்பது அத்தையின் போட்டோ சாஸ்திரம். அதனால் சூரியன் எப்போதும் அவர் முதுகில், நிழல் எப்போதும் படத்தில். எனக்குக் கை சும்மா இருக்குமா? பதினேழிலும் ஒன்றுவிடாமல் துடைத்தேன். மண் பளிச்சென்று ஆனதில் எனக்குக் கொஞ்சம் பெருமை வேறு.

அத்தை வந்து திரையில் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "ரொம்ப சுத்தமா இருக்குப்பா. எப்பவும் என் நிழல்தான் விழுந்து கெடுக்கும்" என்று சொல்லி, இரண்டு முறை நன்றி சொன்னார்.

மறுநாள் அச்சுக்குப் போக வேண்டும். படத்தை அந்தப் பெண்ணுக்கும் அனுப்பியிருந்தேன். போட்டி நடக்கும் ஊரிலிருந்து கூப்பிட்டாள்.

"அழகா இருக்குண்ணே. அத்தை எங்கண்ணே?"

"அவங்க படமே இல்லையேம்மா. கேட்டுப் பாத்துட்டேன்."

"இருந்தாங்களே. எல்லாப் படத்துலயும் என் காலுக்குப் பக்கத்துல இருப்பாங்களே."

"அந்த நிழலா?" என்றேன். அவள் சொன்னாள்: "ஓட ஆரம்பிக்கிற கோட்டுல நிக்கும்போது நான் அத்தை பக்கம் திரும்பிப் பாக்க மாட்டேண்ணே. தரையில அந்த நிழல் கையைத் தூக்கி இறக்கும். உடனே ஓடுவேன். இங்க வந்ததுலேர்ந்து தரையைத்தான் தேடிக்கிட்டு இருக்கேன்."

நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள். இருபது வருஷ அனுபவசாலிக்கு அழுக்குதான் தெரிந்திருக்கிறது.

நல்லவேளை, மூலப் படங்கள் பத்திரமாக இருந்தன. நிழல்களைத் திரும்பக் கொண்டுவரும்போதுதான் அவற்றை முதல்முறையாகப் பார்த்தேன். தோளில் தொங்கும் சாப்பாட்டுப் பை. ஒரு மழைக்காலத்தில் பாதி நிழலாகக் குடை. ஒரு வருஷம் ஒரு கையில் கட்டு; அப்போதும் படம் ஆடாமல்தான் வந்திருக்கிறது. உலக உருண்டையைத் தூக்கி ஓரமாக வைத்தேன். பதினேழு நிழல்களையும் முனையோடு முனை சேர்த்து நீட்டினேன். அதுவே ஓடுபாதை ஆயிற்று, அவள் அதன்மேல் ஓடினாள். செயலாளர் தபால்தலை அளவுக்குச் சுருங்கினார். அந்தப் பெண் மட்டும் கூப்பிடாமல் இருந்திருந்தால், என் கெட்டிக்காரத்தனம் ஒரு மனுஷியையே துடைத்திருக்கும். அவளுக்கு நான் என்றைக்கும் கடமைப்பட்டவன்.

போட்டி நாள் காலையில் நான் மைதானத்தில் இருந்தேன். வேலைக்குப் போகிற வழியில் அத்தையும் அங்கே வந்தார். சூரியன் அவர் முதுகில் இருந்தது. நிழல் சுவர்ப் படத்தின்மேல் விழுந்ததும் பழக்கத்தில் சட்டென்று ஒதுங்கினார்.

"ஒதுங்காதீங்க அத்தை. அங்கேயே நில்லுங்க."

நின்றார். அப்புறம்தான் படத்தைப் பார்த்தார். அந்தக் குடையை, பையை, கட்டுப் போட்ட கையை விரலால் தொட்டுத் தொட்டுப் போனார்.

"யாருப்பா இதையெல்லாம் போடச் சொன்னது?"

"உங்க மருமகதான்."

கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு தன் போனை என்னிடம் நீட்டினார். "ஓட்டத்துக்கு இன்னும் நேரமிருக்கு இல்ல? ஒரு படம் எடுத்து அவளுக்கு அனுப்பு."

சுவரைப் பார்த்து நின்று வலது கையைத் தூக்கினார். சுவரில் நிழலும் கையைத் தூக்கியது.

"இந்தப் பக்கம் திரும்புங்க அத்தை, முகம் வரட்டும்."

"வேணாம்பா" என்றார், திரும்பாமலே. "அவளுக்கு என்னைத் தெரியும்."