புகார் இல்லாத ஒன்பது தெரு

அப்துல் ரசாக்குக்கு வேலை போய்விட்டதா, இருக்கிறதா என்பது மூன்று மாதமாக அவருக்கே தெரியாது. கேட்டவர்களிடம் ஒரு நாள் "போயிடுச்சு" என்பார். மறுநாள் "அப்படி ஒண்ணும் முடிவா சொல்லலியே" என்பார். பொய் சொல்லிப் பழகிய மனிதர் இல்லை. இரண்டையும் மனமாரத்தான் சொன்னார்.

செங்கம் ரோட்டுக்குப் பின்னால், மலையைப் பார்க்க ஏறிப்போகும் ஒன்பது தெருக்களுக்கு அவர்தான் தண்ணீர் விடுபவர். மேல்நிலைத் தொட்டிக்கு மோட்டார் போடுவது, நாலடி இரும்புக் கம்பியைத் தோளில் சாத்திக்கொண்டு தெருத் தெருவாகப் போய் வால்வைத் திறப்பது, நேரம் பார்த்து மூடுவது. பதினெட்டு வருடமாக இதே வேலை. நிரந்தர வேலை இல்லை. ஒப்பந்தக்காரர்கள் மாறுவார்கள், ரசாக் மாறமாட்டார். தொட்டி கட்டிய காலத்தில் குழாய்ப் பள்ளம் தோண்ட வந்தவர் அவர். பள்ளத்தை மூடிவிட்டு மற்றவர்கள் கிளம்பியபோது, எந்தக் குழாய் எங்கே வளைகிறது என்று இந்த ஆளுக்குத்தான் தெரியும் என்று அப்போதைய அதிகாரி ஒருவர் பிடித்து வைத்துக்கொண்டார். அப்படியே நின்றுவிட்டார்.

அந்த ஒன்பது தெருவின் தண்ணீருக்குப் பிடிவாதம் அதிகம். தொட்டி நிற்பதோ மேட்டில். இருந்தாலும் எல்லா வால்வையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டால், அத்தனையும் பள்ளத்துத் தெருக்களுக்கு ஓடிப்போகும். மேட்டுத் தெரு மூன்றிலும் குழாயில் காற்றுதான் வரும். ஐந்தாம் தெரு வால்வுக்கு மரை தேய்ந்துபோய்விட்டது. ஏழு சுற்று திருகி, அரைச் சுற்று பின்னால் வாங்க வேண்டும். முழுச் சுற்று வாங்கினால் ஆறாம் தெருவுக்குத் தண்ணீர் எட்டாமல் காலிக் குடங்கள் உருள ஆரம்பித்துவிடும். இதெல்லாம் எந்த வரைபடத்திலும் கிடையாது. ரசாக்கின் மணிக்கட்டுக்குத்தான் தெரியும்.

மார்ச் மாதக் கடைசியில் ஒரு காலை மேற்பார்வையாளர் சகாதேவன் மோட்டார் அறைக்கு வந்தார். வந்தவர் உட்காரவில்லை. சுவரில் புதிதாக மாட்டியிருந்த டைமரையே பார்த்துக்கொண்டு பேசினார்.

"வேலைய விட்டு எடுக்கல ரசாக் பாய், அப்படி நெனைச்சுக்காதீங்க. வரி வசூல் கம்மி, மேலேருந்தும் நிதி வர்ல. மூணு மாசம் ஆள் இல்லாம ஓட்டிப் பாக்கச் சொல்லிட்டாங்க. வால்வையெல்லாம் பாதி தொறந்து வெச்சிட்டா தன்னால போவும்ங்கறாங்க. புகார் ஜாஸ்தி வந்துச்சுன்னா திரும்ப உங்களத்தான் போட்டாவணும். வரலன்னா..."

வரலன்னா என்ன என்று அவரும் சொல்லவில்லை, ரசாக்கும் கேட்கவில்லை. சகாதேவன் மேல் பழி போட்டும் பிரயோஜனமில்லை. அவருக்குக் கீழே இருந்த இரண்டு பேரை அதற்கு முந்தின மாதமே நிறுத்தியிருந்தார்கள். இப்போது அவரே பைல் தூக்கி, அவரே டைப் அடித்து, சொந்த பெட்ரோல் போட்டு அலைந்துகொண்டிருந்தார். முகத்தில் நாலு நாள் தாடி.

வீட்டுக்கு வந்து சொன்னதும் மஹ்பூபா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். கம்பியைத் திருப்பிக் கேட்டார்களா? கேட்கவில்லை. அப்படியானால் வேலை போகவில்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். வேலை போனவனிடம் சாமானை விட்டுவைப்பார்களா என்றாள். ரசாக்குக்கும் அது நியாயமாகப் பட்டது. கம்பியைக் கதவோரம் சாத்தி வைத்தார். காலையில் எழுந்ததும் அது அங்கேயே இருக்கிறதா என்று பார்ப்பது புதுப் பழக்கமாகிவிட்டது.

அந்த வருடம் எல்லார் வீட்டிலும் ஏதாவது ஒன்று குறைந்துகொண்டிருந்தது. மஹ்பூபா ரமணாசிரமம் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுசில் அறைகள் துடைப்பவள். வெளிநாட்டுக்காரர்கள் வரத்து குறைந்துவிட்டது என்று வாரத்துக்கு மூன்று நாள் வந்தால் போதும் என்றார்கள். மகன் சாகில் சென்னையில் ஒரு கம்பெனியில் இருந்தான். அவனோடு சேர்த்து நாற்பது பேரை மெயில் அனுப்பி நிறுத்தினார்கள். மெயிலை அவன் போனில் அப்பாவுக்குப் படித்துக் காட்டினான். இன்ன தேதியோடு முடிகிறது, உங்கள் உழைப்புக்கு நன்றி, எதிர்காலத்துக்கு வாழ்த்துகள். கேட்கக் கேட்க வயிறு எரிந்தது. ஆனால், வெட்கத்தை விட்டுச் சொல்வதானால், ரசாக்குக்குக் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. பையனுக்குத் தேதி போட்டல்லவா சொல்லியிருக்கிறார்கள்!

டைமர் நேரம் தவறாமல் மோட்டார் போட்டது. பாதி திறந்த வால்வுகள் பாதி திறந்தபடியே கிடந்தன. மூன்றாம் நாளே மேட்டுத் தெருக்கள் காய்ந்தன. காலை ஐந்தரைக்கு ரசாக்கின் போன் அடித்தது. ஒன்பதாம் தெரு சந்திரம்மாள். கிரிவலப் பாதையில் இட்லிக் கடை போட்டிருப்பவள், நாக்கு நீளம், மனசு வெள்ளை.

"இன்னா பாய், குழாய்ல காத்து வருது. மாவுப் பாத்திரம் கழுவக்கூட சொட்டுத் தண்ணி இல்ல. ஒரே ஒரு தபா வந்து தொறந்து உட்டுட்டுப் போ."

ஒரு தபாதானே என்று போனார். பள்ளத்து வால்வுகளை மூடி, ஒன்பதாம் தெருவுக்கு அரைமணி நேரம் விட்டார். அதைப் பார்த்து எட்டாம் தெரு கூப்பிட்டது. எட்டுக்கு விட்டால் ஏழுக்கு விடாமல் இருக்க முடியுமா? அந்த வாரக் கடைசியில் பார்த்தால் ஒன்பது தெருவுக்கும் பழையபடி முறை வைத்துத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. சம்பளம் மட்டும்தான் இல்லை.

மஹ்பூபாவுக்குத் தெரிந்ததும் பிடித்துக்கொண்டாள். வீட்டில் அவர்கள் பேசுவது உருது. கோபம் வந்தால் மட்டும் அவள் தமிழுக்கு மாறிவிடுவாள், அக்கம்பக்கத்துக்கும் கேட்கட்டும் என்று.

"நீங்க தண்ணி உட்டா எவன்ங்க புகார் குடுப்பான்? புகார் வந்தாத்தான் வேலைன்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க. நீங்களே போய் உங்க வேலைய தொறந்து உட்டுட்டு வர்றீங்களே!"

ரசாக் யோசித்துப் பார்த்தார். அவள் சொல்வது சரிதான். தண்ணீர் விட்டால் வேலை போய்விடும். விடாவிட்டால் வேலை வரலாம், ஆனால் வேலை என்பதே தண்ணீர் விடுவதுதானே? எந்த முனையைப் பிடித்து இழுத்தாலும் இன்னொரு முனை இறுகியது. கடைசியில் மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு நான்கு நாள் வீட்டிலேயே இருந்தார்.

போன் அடித்தபடி இருந்தது. அங்கேதான் அவர் கணக்குத் தப்பியது. அந்தத் தெருக்களில் தண்ணீர் வரவில்லை என்றால் ரசாக்குக்குப் போன் போடுவதுதான் புகார். அவருடைய நம்பரைக் கரிக்கட்டியால் குழாயடிச் சுவர்களில் எழுதி வைத்திருந்தார்கள். பழைய நம்பர் மாறியபோது அடித்துவிட்டுப் புது நம்பரும் எழுதியிருந்தார்கள். ஆபீஸ் நம்பர் எவரிடமும் கிடையாது.

தயங்கித் தயங்கி அவரே வீடு வீடாகப் போய்ச் சொன்னார். ஆபீசுக்கு ஒரு புகார் எழுதிப் போடுங்கள் என்றார். நல்லது நினைத்துத்தான் மறுத்தார்கள். சந்திரம்மாள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"உன்ன நெருக்கறாங்களா பாய்? இப்ப ஆளுங்கள எடுக்கற நேரம்னு எங்களுக்குத் தெரியாதா? இந்த நேரத்துல தண்ணி வர்லன்னு எழுதிக் குடுத்தா உன் தலைதான உருளும். எங்க கையால உனக்குக் கெடுதி பண்ணமாட்டோம். நீ போ."

அப்படியில்லை, எழுதினால்தான் எனக்கு நல்லது என்று அவர் இரண்டு முறை விளக்கினார். அவளுக்குப் புரியவில்லை. மூன்றாம் முறை விளக்கும்போது அவருக்கே புரியாமல் போய்விட்டது.

சாகில் போனில் ஒரு வழி சொன்னான். புகார் கொடுக்க ஆப் இருக்கிறது அப்பா, உட்கார்ந்த இடத்திலேயே போடலாம் என்றான். ஒன்பதாம் தெரு, குடிநீர் வரவில்லை என்று மகன் சொல்லச் சொல்ல ரசாக் தட்டினார். ஒரு நிமிடம் போயிருக்காது. போனில் இரண்டு செய்திகள் வந்தன. உங்கள் புகார் பதிவானது என்றது முதல் செய்தி. ஒன்பதாம் தெருவில் புகார் வந்துள்ளது, களப்பணியாளர் அப்துல் ரசாக் உடனே கவனிக்கவும் என்றது இரண்டாவது.

அதை ஐந்தாறு முறை படித்தார். பட்டியலிலிருந்து அவர் பேரை யாரும் எடுக்கவில்லை போலிருக்கிறது. அல்லது எடுக்க இருந்த ஆளையும் நிறுத்திவிட்டார்களோ என்னவோ. ரசாக்குக்கு அவ்வளவு தூரம் யோசனை ஓடவில்லை. பேர் இருக்கிறது! உடனே கவனிக்கவும் என்று ஆபீஸே சொல்லிவிட்ட பிறகு என்ன? கம்பியைத் தூக்கித் தோளில் சாத்திக்கொண்டு கிட்டத்தட்ட ஓடினார். ஒன்பதாம் தெருவில் தண்ணீர் பாய்ந்தது. சரிசெய்யப்பட்டதா என்று அடுத்த செய்தி கேட்டது. பதினெட்டு வருடத்தில் ஒரு வேலையை முடிக்கவில்லை என்று சொன்னவர் இல்லை. ஆம் என்பதைத் தொட்டார்.

தெருக் குழாயில் முகம் கழுவிக்கொண்டிருக்கும்போதுதான் செய்த காரியம் உறைத்தது. ஆபீசுக்குப் போன ஒரே புகாரையும் அவரே முடித்து வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு வால்வை மூடி வைக்க அவருக்கு மனம் வரவில்லை. சித்திரை வெயிலும் சேர்ந்துகொண்டது. பௌர்ணமிக்குக் கிரிவலக் கூட்டம் வந்தது. மேட்டுத் தெருவில் பாதி வீடுகள் அந்த ஓரிரு நாள் வியாபாரத்தை வைத்துத்தான் மாதத்தை ஓட்டின. தண்ணீர் இல்லாமல் என்ன கடை போடுவார்கள்? காலையில் தண்ணீர் விடுவார், பகலில் வேலை தேடி லாட்ஜ் லாட்ஜாக ஏறி இறங்குவார். ஏற்கெனவே வேலையில் இருப்பவர் போலவும் இல்லாதவர் போலவும் பேசியதில், வாட்ச்மேன் வேலை கொடுக்க இருந்த ஒருவரும் குழம்பிப்போய் அப்புறம் வாங்க என்றுவிட்டார். மஹ்பூபாவும் சண்டை போட்டுப் போட்டு ஓய்ந்துவிட்டாள்.

ஜூலை முதல் தேதி சகாதேவன் ஆபீசுக்கு வரச் சொன்னார். ரசாக் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். சகாதேவன் நாற்காலி காட்டினார், டீ வாங்கித் தந்தார். ரசாக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். பதினெட்டு வருடத்தில் அவரை அங்கே யாரும் உட்காரச் சொன்னதில்லை.

போன வாரம் சினேகா என்று ஒரு பெண்ணை அனுப்பித் தெருவுக்குப் பத்து வீடு விசாரித்தார்களாம். ஒரே கேள்வி. குடிநீர் சீராக வருகிறதா? ஆம், இல்லை. கீழே கையெழுத்து. சகாதேவன் தாள்களைத் தள்ளி வைத்தார். தொண்ணூறு வீட்டிலும் ஆம். சில தாள்களில் கேட்காததையும் எழுதியிருந்தார்கள். பாய் இருக்கும்வரை எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. பாய் தங்கமான மனிதர். சந்திரம்மாள் தெருவில் எல்லாருடைய பேனாவும் ஒரே பச்சை மை. அவள்தான் முன்னால் நடந்து, வாசல் வாசலாக ஆட்களைக் கூப்பிட்டு, இது பாய்க்காக, நல்லபடியா போடுங்க என்று வாங்கிக் கொடுத்தாளாம்.

"நான் என்ன பண்ணட்டும் பாய்?" என்றார் சகாதேவன். "ஆள் இல்லாமலே தண்ணி நல்லா போவுதுன்னு மேல எழுதிட்டாங்க. நீங்க போய் உட்டீங்கன்னு எனக்குத் தெரியும். அத நான் எழுதினா, யாரக் கேட்டு உட்டாருன்னு உங்க மேல கேஸ் வரும்."

கடைசித் தாளைக் காட்டுவதா வேண்டாமா என்று அவர் யோசிப்பது தெரிந்தது. பிறகு காட்டினார். ஏழாம் தெரு, ரசாக் குடியிருக்கும் தெரு. ஆம். கீழே, கோணல் மாணலான தமிழ் எழுத்தில், மஹ்பூபா.

"அந்தக் கம்பிய மட்டும் இன்னிக்கே கொண்டாந்து குடுத்துடுங்க" என்றார் சகாதேவன்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என்ன கேட்பது என்றே ரசாக்குக்குத் தெரியவில்லை. மஹ்பூபா அரிசி களைந்துகொண்டிருந்தாள். கம்பியைக் கேட்கிறார்கள் என்று சொன்னார். அவள் கை நின்றது. சரி, முடிந்தது என்று அவளுக்கும் தெரிந்துவிட்டது. அப்புறம் அவர் கேட்டார். ஊர் ஆம் என்று போட்டது, அவர்களுக்கு விஷயம் தெரியாது. மூன்று மாதமாக என்னோடு மல்லுக்கு நின்ற நீ ஏன் போட்டாய்?

அவள் தமிழுக்கு மாறவில்லை. வீட்டுப் பேச்சிலேயே, தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். அந்தப் பெண் வந்து கேட்டபோது இல்லை என்று போடத்தான் பேனாவை வாங்கினாளாம். சுற்றி அத்தனை பேரும் நின்று பாய் வீட்டம்மா என்ன எழுதுகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்களாம். குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்ததாம். உங்கள் கை திறந்துவிட்ட தண்ணீரை வரவில்லை என்று என் கையால் எப்படி எழுதுவேன் என்றாள்.

ரசாக்குக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கண் கலங்கியது, அது பெருமையிலா வயிற்றெரிச்சலிலா என்று அவருக்கு விளங்கவில்லை. கதவோரத்துக் கம்பியை எடுத்துத் தோளில் சாத்திக்கொண்டு வெளியே வந்தார். தெரு முனையில் இடப்பக்கம் திரும்பினால் ஆபீஸ். வலப்பக்கம் ஐந்தாம் தெரு. இன்றைக்கு அவர்கள் முறை. மணி பார்த்தார், ஏற்கெனவே பத்து நிமிடம் தாமதம்.

எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் அங்கேயே நின்றார். போன் அடிக்க ஆரம்பித்தது.