குறுக்கே எழுந்த சுவர்

தையல் அறையில் அவளுக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர். பெரிய ஆஸ்பத்திரியின் பின்கட்டடத்தில் கிழிந்த படுக்கை விரிப்புகளுக்கு ஒட்டுப் போடுவதும், நோயாளிகளின் அங்கிகளுக்கு நாடா தைப்பதும் வேலை. மத்தியான மணி அடித்ததும் மற்றவர்கள் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பதற்குள் அவள் வாசல் தாண்டிவிடுவாள். நேர் எதிரே ரோடு. ரோட்டைத் தாண்டினால் அவளுடைய சந்து. சந்துக்குள் மூன்றாவது வீடு.

வீட்டில் புருஷன் படுத்திருப்பார். சுவருக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்த மனுஷர். பக்கவாதம் வந்து வலது பக்கம் மொத்தமும் விழுந்துவிட்டது. வாய் மட்டும் போகவில்லை. அவரைப் புரட்டிப் படுக்கவைத்து, ஒன்றுக்குப் போகவைத்து, துடைத்து, கஞ்சி ஊட்டிவிட்டு அவள் திரும்பி ஓடினாலும் மெஷினில் உட்கார நேரம் சரியாக இருக்கும். பக்கத்து வீட்டு அக்கா உதவிக்கு வருகிறேன் என்றாள். "அதுக்கு நான் செத்தே போறேன்" என்றுவிட்டார். வீம்பு பிடித்த ஆள், என்ன செய்வது?

அந்த ரோடு இருக்கிறதே, அதை அகலப்படுத்திய பிறகு வண்டிகளுக்குக் கண் மண் தெரியவில்லை. ஒருநாள் காலையில் பால்காரரை ஒரு கார் அடித்துத் தூக்கிப் போட்டது. உயிர் அங்கேயே போய்விட்டது. சந்து ஜனம் முழுக்க ரோட்டில் உட்கார்ந்தது. ரோடு போட்ட இன்ஜினியர் வந்தார். ஆளாளுக்குக் கத்தினார்கள். "யாராவது ஒருத்தர் சொல்லுங்க" என்றார். வாயாடி என்று இவளைப் பிடித்து முன்னால் தள்ளினார்கள்.

"வேகத்தடை போடுங்க, கோடு போடுங்க, எதையாவது போடுங்க சார். இந்த இடத்துல இனிமே ஒருத்தரும் அடிபடக் கூடாது" என்றாள். எல்லோரும் கை தட்டினார்கள்.

போட்டார்கள். ரோட்டு நடுவில் நெஞ்சளவு சுவர், அதற்கு மேல் இரும்புக் கம்பி வலை! இனி அங்கே ஒருத்தரும் அடிபட மாட்டார்கள்தான். தாண்ட முடிந்தால் அல்லவா அடிபட? நடந்து போகிறவன் என்று ஒரு பிறவி உலகத்தில் உண்டு என்பதே இந்தப் படித்த மகராசன்களுக்கு ஞாபகம் வராது போலிருக்கிறது. தாண்டுவதற்கு எங்கேயோ தொலைவில் ஒரு நடைமேம்பாலம். அதுவரைக்கும் நடைபாதை கிடையாது. ஒரு பக்கம் நிறுத்திவைத்த லாரிகள், மறுபக்கம் திறந்த சாக்கடை, நடுவில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கவேண்டும். அப்புறம் படிக்கட்டு. லிஃப்டுக்குப் பூட்டு.

முதல் நாள் ஓடித்தான் பார்த்தாள். வீட்டுக்குப் போய் அவரைப் புரட்டுவதற்குள் மணி அடித்துவிட்டது. இரண்டு வாரம் தாமதமாகவே வந்தாள். "இன்னொரு தடவை லேட்டானா வேற ஆளப் போடச் சொல்றாங்க. என் கையில ஒண்ணுமில்லக்கா" என்றார் சூப்பர்வைசர். பாவம், நல்ல மனுஷர்தான்.

இன்ஜினியரிடமே போய் நின்றாள். "நீங்கதானேம்மா கேட்டீங்க? அதுக்கப்புறம் அங்க ஒரு ஆக்சிடென்ட் உண்டா, சொல்லுங்க" என்றார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது அவள்தானே.

மத்தியானம் வீட்டுக்குப் போவது நின்றது. ஒன்றுக்குப் போவதற்குப் பக்கத்தில் ஒரு பாட்டிலை வைத்துவிட்டுப் போனாள். இடது கையால் பிடிக்கப் பார்த்து அது கவிழ்ந்து, சாயங்காலம் வரை ஈரத்திலேயே கிடந்தார். அன்றைக்கு அவர் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை.

ஆனால் அதற்கப்புறம் விரிப்பு நனையவில்லை. சாயங்காலம் வந்து தொட்டுப் பார்த்தால் காய்ந்தே இருக்கும். "மத்தியானம் எனக்கு ஒண்ணும் வேண்டியிருக்கல, நீ கவலைப்படாதே" என்பார். ஆள் தேறிவிட்டார் என்று தையல் அறை முழுக்கச் சொல்லிச் சந்தோஷப்பட்டாள், பைத்தியக்காரி.

ஒரு ராத்திரி அவருக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. உதடு வெடித்திருந்தது. ஆட்டோவில் சுற்றிக்கொண்டு எதிரே இருக்கிற ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனாள். "இவர் தண்ணியே குடிக்கிறதில்லையா? சிறுநீரகம் கெட்டுப்போகும்மா" என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நீ சாயங்காலம் வந்தப்புறம்தான் குடிக்கிறேன். பகல்ல குடிச்சா தாங்காதுடி."

அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

மறுநாள் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது டம்ளரை அவர் வாயருகே கொண்டுபோனாள். அவர் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார். "ஒரு வாய் குடிங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று கெஞ்சினாள்.

"நேரமாச்சு, போ" என்றார்.

அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். கட்டாயப்படுத்தவில்லை. குடித்துவிட்டால் மத்தியானம் என்ன செய்வது என்று அவளுக்கும் தெரியவில்லை.