குழந்தை பிறக்குமுன் எடுத்த தாடி

துப்பறியும் கதை ஒன்று எழுத வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. கதாநாயகன் போலீசும் இல்லை, வக்கீலும் இல்லை. என்னைப் போல சலூன் வைத்திருக்கிறவன். கடை பெஞ்சில் கிடக்கும் மாத நாவல்களைப் படித்துப் படித்து வந்த ஆசை அது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். காலேஜும் முடித்தேன். அரசுப் பரீட்சைகள் எழுதிக்கொண்டே, வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசைத் தாண்டிப் புது வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த பக்கமாக ஒரு கடை போட்டேன்.

சலூன்காரனை விட்டால் துப்பறிய நல்ல ஆள் கிடையாது என்பது அப்போது என் எண்ணம். துணியைப் போர்த்தியதும் ஆண்கள் பேச ஆரம்பித்துவிடுவார்கள். என்னிடம் பேசுவது போலவே இருக்காது. கண்ணாடியில் தெரியும் தன் முகத்திடம் பேசுவது போல இருக்கும். இன்றைக்கு மாப்பிள்ளை உட்கார்ந்து ஒன்று சொல்லிவிட்டுப் போவார். நாலு நாள் கழித்து அதே நாற்காலியில் மச்சான் உட்கார்ந்து வேறொன்று சொல்லுவான். இரண்டையும் கேட்டவன் நான் ஒருத்தன்தான்.

அந்தக் கதையை நான் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தபோதெல்லாம் இது வந்து முன்னால் நின்றது.

கடைக்குப் பின்தெருவில் மினி வேன் ஓட்டுகிற ஒருவர் இருந்தார். கடை திறந்த நாளிலிருந்து வாடிக்கை. அவருடைய மனைவி மூத்த பெண்குழந்தையைப் பால்வாடியில் விட்டுவிட்டு என் கடையைத் தாண்டித்தான் திரும்புவார். மனைவி இரண்டாவதாக உண்டானதும் அவர் முடிவெட்டுவதையும் சவரத்தையும் நிறுத்திவிட்டார். எங்கள் பக்கத்தில் இது வழக்கம். பெண்டாட்டி முழுகாமல் இருந்தால், பிள்ளை பிறக்கிறவரை புருஷன் தலையிலும் முகத்திலும் கத்தி படக்கூடாது. மெத்தப் படித்தவர்கள்கூட இதை மீறுவதில்லை. அதனால் எனக்கு வரும்படி கம்மி என்றாலும் வருத்தமில்லை. பிள்ளை பிறந்ததும் ஸ்வீட் பாக்ஸோடு வந்து உட்காருவார்கள். அந்த ஷேவிங்கை இலவசமாகவே செய்துவிடுவேன்.

தாடி வளர வளர அவரைக் கடையில் எல்லோரும் கிண்டல் செய்தார்கள். பேப்பர் படிக்க வந்து உட்காருவார், அவ்வளவுதான். "இன்னா சாமி, திருவோட்ட எங்க வச்ச? கிரிவலப் பாதையில எடம் புடிச்சாச்சா?" என்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டே கையை நீட்டி எல்லோருக்கும் ஆசீர்வாதம் செய்வார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். இப்போதும் அந்தச் சிரிப்பு நடிப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஒருநாள் காலையில் கடையைத் திறந்து சாமி படத்துக்கு ஊதுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தேன். அவர் உள்ளே வந்து தானாகவே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எல்லாத்தையும் எட்து வுட்ரு" என்றார்.

கையில் ஸ்வீட் பாக்ஸ் இல்லை. பொறந்துடுச்சாண்ணா என்று கேட்டேன். "ம்" என்றார். என்ன குழந்தை என்றதற்குப் பையன் என்றார். எந்த ஆஸ்பத்திரி என்றேன். அவள் கீழ்பென்னாத்தூரில் அம்மா வீட்டில் இருக்கிறாள் என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

மிஷினை ஓட்டி, நுரை போட்டு வழித்தேன். தாடி போனபின் கன்னம் வெளுத்து, ஆளே சின்னதாகிவிட்டதுபோல இருந்தது. துணிக்கடியில் அவருடைய கை இரண்டும் நாற்காலியின் பிடியை இறுக்கிக்கொண்டிருந்தன. பையன் பிறந்த ஆள் கண்ணாடியை ஒருமுறையாவது பார்ப்பான். இவர் பார்க்கவே இல்லை. காசை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அவர் போனதும் எனக்கு உறுத்தியது. அவர் மனைவி, அந்த அம்மா, சமீபத்தில்தான் கடை வாசலைத் தாண்டிப் போனார். வயிறு லேசாகத்தான் மேடிட்டிருந்தது. வளைகாப்பு நடந்ததாகத் தெருவில் யாரும் சொல்லவில்லை. குறைமாதம் என்றால் குழந்தையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருப்பார்கள். அப்பன் அங்கே வாசலில் கிடப்பான். இப்படியெல்லாம் யோசித்தேன். ஆனால் யாரிடம் போய் என்னவென்று கேட்பது?

மறுவாரம் பௌர்ணமி. அன்று காலையில் அந்த அம்மாவுடைய தம்பி கடைக்கு வந்தான். கலெக்டர் ஆபீசில் ஏதோ சான்றிதழுக்கு வந்தவன், மதியம் வரச் சொல்லிவிட்டார்கள் என்று முடிவெட்ட உட்கார்ந்தான். முன்பு மாமாவோடு வந்திருக்கிறான், தெரிந்த பையன்தான். பாதி வெட்டும்போது, தாய்மாமன் ஆயிட்ட, ஸ்வீட் எங்கே என்றேன்.

அவன் சிரித்துவிட்டான். "இன்னாணா, இப்பவேவா? அடுத்த மாசம்தான் வளைகாப்பே. நேத்துதான் வளையல்காரர்கிட்ட சொல்லிட்டு வந்தோம்."

என் கத்தரிக்கோல் நின்றுவிட்டது. அக்காவோடு பேசினாயா என்று கேட்டேன். அவள் போன் உடைந்துவிட்டதாம். மாமா போனுக்குக் கூப்பிட்டால் அவரே பேசிவிட்டு வைத்துவிடுகிறாராம். நாத்தனார் வீட்டு விசேஷத்துக்குப் போயிருக்கிறாள் என்று சொன்னாராம். நான் அவன் முகத்தைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே, உங்க மாமா தாடியை எடுத்துவிட்டார், நான்தான் எடுத்தேன் என்றேன்.

அவனுக்கு மேற்கொண்டு எதையும் விளக்கத் தேவையிருக்கவில்லை. எங்கள் ஊரில் அந்த ஒரு வாக்கியமே போதும். ஒரு பக்கம் வெட்டியும் ஒரு பக்கம் வெட்டாமலும் இருந்த தலையோடு, கழுத்தில் துணியோடு எழுந்து ஓடினான். நானும் பின்னால் ஓடினேன்.

வீடு வெளியில் பூட்டியிருந்தது. வேன்காரரும் அவருடைய அம்மாவும் காலையிலேயே மலை சுற்றக் கிளம்பிவிட்டார்கள், பெண்குழந்தை அத்தை வீட்டில் இருக்கிறது என்றார் எதிர்வீட்டுக்காரர். தம்பி பின்பக்கமாகப் போய் ஜன்னலைத் தட்டி அக்கா, அக்கா என்று கூப்பிட்டான். சத்தம் இல்லை. நான் படித்த நாவல்களில் இந்த இடத்தில் ஒரு பிணம் இருக்கும்.

பூட்டை உடைத்தோம். உள்ளறையில் அந்த அம்மா பாயில் கிடந்தார். உடம்பு நெருப்பாகக் கொதித்தது. அந்த அறையின் வாடையை எழுத எனக்கு வார்த்தை வரவில்லை. உயிர் இருந்தது. பௌர்ணமிக்காக ரோட்டையெல்லாம் தடுப்பு வைத்து மறித்திருந்தார்கள். ஆம்புலன்ஸ் ஊரைச் சுற்றிக்கொண்டு வந்தது, திரும்பவும் சுற்றிக்கொண்டுதான் போனது. அரோகரா சொல்லிக்கொண்டு போன கூட்டம் ஒதுங்கி வழிவிட்டது. அந்தக் கூட்டத்தில் எங்கேயோ அவர்கள் இருவரும் நடந்துகொண்டிருந்தார்கள்.

கர்ப்பப்பையை எடுத்துத்தான் காப்பாற்ற முடிந்தது. நினைவு வந்ததும் தம்பியிடம் மட்டும் கொஞ்சம் சொன்னாராம். விடியற்காலையில் வேறொரு ஊரில் ஒரு வீட்டுக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே ஒருவன் வயிற்றில் கருவியை வைத்துப் பார்த்து மாமியாரிடம் ஏதோ சொன்னான். ஊசி போட்டார்கள். கண் விழித்தபோது வீட்டில் இருந்தார். வயிற்றில் நீர் ஜாஸ்தியாகிவிட்டது, அதை எடுத்துவிட்டார்கள், பிள்ளை பத்திரமாக இருக்கிறது, அசையாமல் படு என்றார் மாமியார். வலியோடு, வயிற்றில் கையை வைத்தபடி படுத்திருக்கிறார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில், வெட்டி முடிக்காத அதே தலையோடு நின்று தம்பி மீதியைச் சொன்னான். "மறுநா காலைல மாமா உள்ள வந்தாராம். மொகம் மழமழன்னு இருந்துச்சாம். அதப் பாத்துதான் அக்காவுக்குத் தெரிஞ்சுதாம்ணா."

அந்த மனிதரைப் பற்றி நான் இன்னும் யோசிக்கிறேன். பெண் என்று தெரிந்து அழிக்கத் துணிந்தவர், அதைப் பொய்மேல் பொய் சொல்லி மறைத்தவர், தாடியை ஏன் இன்னும் கொஞ்ச நாள் வைத்திருக்கவில்லை? வழக்கத்தை மீறக்கூடாது என்று பயந்துதானே வளர்த்தார். வயிற்றில் ஒன்றும் இல்லாதபோது வளர்ப்பதும் குற்றம் என்று தோன்றியிருக்கும். போய் எடுத்துவிட்டு வா என்று அவர் அம்மாவே அனுப்பியிருக்கலாம்.

போலீஸ் வந்தபோது அந்த அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன் என்றார். மூத்த மகள் அவர்கள் கையில் இருந்தாள், அதனால்தான். நான் ஸ்டேஷனுக்குப் போய் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை மூடிவிட்டு, "ஒருத்தன் தாடி எடுத்ததுக்கு கேஸ் போட முடியுமாப்பா?" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. அலுப்பாகத்தான் சொன்னார்.

வீட்டில் அப்பா என்னோடு சண்டை போட்டார். "கடைல கேட்டது கடையோட போவணும். இல்லன்னா எவன்டா உன்ன நம்பிக் கழுத்தக் குடுப்பான்?" அவர் பயந்தது போலவே நடந்தது. ஆட்கள் வருவது நிற்கவில்லை, பேச்சுதான் நின்றது. டிவி சத்தத்தைக் கூட்டி வைக்கச் சொல்லிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

இரண்டு பக்கமும் உட்கார்ந்து பேசி முடித்தார்கள். இனி பிள்ளை பெற முடியாதவளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று மாமியார்தான் முதலில் கேட்டாராம். மூத்த பெண்ணைக் கொடுத்துவிடுகிறோம், நடந்ததை யாரும் எங்கும் பேசக்கூடாது என்று முடிவானது. அந்த அம்மா மகளோடு கீழ்பென்னாத்தூர் போனார். அதன் பிறகு அவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை என்று, முடிவெட்ட வரும்போதெல்லாம் தம்பி சொல்லுவான். அம்மா கேட்டாலும் சரி, எத்தனை அழுதாலும் சரி. மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையை உரிக்க உட்கார்ந்தால் இருட்டும்வரை உரித்துக்கொண்டே இருப்பாராம்.

பல மாதம் கழித்து, வெளியூர்க்காரர் ஒருவர் கடைக்கு வந்தார். சவரம் தேவைப்படாத முகம். அந்த மாதிரி வருகிறவர்களை எனக்குத் தெரியும்; பெண் கொடுக்கிறவர்கள் மாப்பிள்ளையை விசாரிக்க டீக்கடைக்கும் சலூனுக்கும்தான் வருவார்கள். நுரை போட்டு முடித்ததும் கேட்டார். பின்தெருவில் வேன் ஓட்டுகிறாரே, ஆள் எப்படி? முதல் சம்சாரம் ஒத்துவராமல் தானாகவே போய்விட்டதாமே?

பிரஷ்ஷைக் கீழே வைத்தேன். கடையில் இன்னும் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் காதில் விழட்டும் என்றே சொன்னேன். தாடியிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் அசையாமல் கேட்டார். நுரை காய்ந்து கன்னத்தில் உதிர ஆரம்பித்தது. "நீ சொல்றத மட்டும் வச்சிக்கினு நான் வாக்கு மாற முடியாது தம்பி. அந்தப் பொண்ணு எங்க கீது?" என்றார். ஊரைச் சொன்னேன். அந்த அம்மா பேசமாட்டார், போய்ப் பிரயோஜனம் இல்லை என்றும் சொன்னேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு எது கிட்ட வழி என்று கேட்டுப் போனார்.

சாயங்காலம் தம்பி போன் செய்தான். அவர் வந்தாராம். இவர்கள் பயந்துபோய்த் திருப்பி அனுப்பப் பார்த்தார்களாம். அக்காதான் முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து வந்து, உங்க பொண்ணுக்கு என்ன வயசு என்று கேட்டிருக்கிறார். சொன்னதும், உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினாராம். ஒன்று விடாமல். அம்மாவும் தம்பியும் வெளியே நின்றபடி, முதல்முறையாக முழுவதையும் அப்போதுதான் கேட்டிருக்கிறார்கள்.

அந்தக் கல்யாணம் நின்றுவிட்டதா என்று கேட்டேன்.

"அது தெரிலணா. அவரு ஒண்ணும் சொல்லாமத்தான் போனாரு. அக்கா பேசுச்சுன்னு சொல்லத்தான் போன் பண்ணேன்" என்றான்.