எங்கள் கடை உட்கார்ந்த மதியம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆடி மாதத்துக் கர்க்கடக மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு மதியம் நடந்தது இது. திருவனந்தபுரம் கிழக்கேகோட்டைப் பக்கம் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் எனக்கு மைக் வேலை. "குழந்தையைத் தவறவிட்டவர்கள் கேஷ் கவுண்டருக்கு வரவும்" என்று தமிழிலும் மலையாளத்திலும் மாறி மாறி ஒலிக்குமே, அந்தக் குரல் என்னுடையது. இனிமையான குரல் என்று வாடிக்கையாளர்கள் சொல்வார்கள். கடையில் வேலை பார்ப்பவர்களுக்கோ அதைக் கேட்டாலே பயம்.

காரணம் உண்டு. எங்கள் கடையில் யாருக்கும் பெயர் கிடையாது, நம்பர்தான். "பதினேழு, ஆபீசுக்கு வா" என்று நான் கூப்பிட்டால், பதினேழுக்குத் திட்டு காத்திருக்கிறது என்று அர்த்தம். கூப்பிடச் சொல்பவர் சூப்பர்வைசர் அண்ணாச்சி, நாகர்கோவில்காரர். அவர் திட்டக்கூட வேண்டாம், தொண்டையைச் செருமினால் போதும். ரேக்கில் சாய்ந்திருந்த பெண் விறைத்து நிற்பாள். கடைப்பெண் என்றால் காலையிலிருந்து இரவுவரை நிற்கத்தான் வேண்டும் என்பது அவர் பார்த்து வளர்ந்த வழக்கம்.

அந்த வருடம் முதலாளியின் மகள் பொறுப்புக்கு வந்தார். வந்ததும் ஆளுக்கு ஒன்றாக ஸ்டூல் போட்டார். கூட்டம் இல்லாத நேரம் உட்காரலாம் என்று நோட்டீஸ் ஒட்டினார், வாட்ஸ்அப் குரூப்பிலும் போட்டார். ஒருத்தியும் உட்காரவில்லை. ஸ்டூல்களில் புடவைக் கட்டுகள்தான் சொகுசாக உட்கார்ந்திருந்தன. சரி, மைக்கில் சொல்லிப் பார்ப்போம் என்று என்னை வாசிக்கச் சொன்னார். அப்புறம் நடந்த கூத்தை என்ன சொல்ல! யாரும் பார்க்கவில்லை என்று ஓரமாகக் குந்தியிருந்த இரண்டு பேரும், என் குரல் கேட்டதும் பதறியடித்து எழுந்து நின்றுவிட்டார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் புடவை செக்ஷனில் நின்றவளைப் பார்த்ததும் அது நின்றுபோனது. தென்காசிப் பக்கத்துப் பெண், ஆறு மாதக் கர்ப்பிணி. கணவருக்குக் கட்டட வேலை, மழைக்காலத்தில் அதுவும் இல்லை. இவள் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. கால் வீங்கி, செருப்பு போட முடியாமல் நின்றாள். பக்கத்திலேயே ஸ்டூல் இருந்தது. அவளும் உட்காரவில்லை.

நான் சொன்ன அந்த மதியம், அவள் ஆபீஸ் அறைக்கு வந்தாள். முதலாளி மகளான மேடமும் அண்ணாச்சியும் உள்ளே இருந்தார்கள். மைக்கும் அதே அறையில்தான் என்பதால் நானும் இருந்தேன்.

"நாளைல இருந்து நான் வரல மேடம். ரொம்ப நேரம் நிக்கக் கூடாதுன்னு டாக்டரம்மா கண்டிச்சுச் சொல்லிட்டாங்க."

இவ்வளவு செய்தும் ஏன் உட்காரவில்லை என்று மேடத்துக்கு ஆற்றாமை தாங்கவில்லை. "ஸ்டூல் இட்டாச்சு, நோட்டீஸ் ஒட்டியாச்சு, மைக்லயும் சொல்லியாச்சு. பின்ன எந்தா நீ இரிக்காதது?"

அவள் அண்ணாச்சியை ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தப் பார்வையை நாங்கள் மூன்று பேருமே பார்த்தோம்.

அண்ணாச்சியின் முகம் கறுத்தது. கத்தப்போகிறார் என்றே நினைத்தேன். "நீ செக்ஷனுக்குப் போ" என்று மட்டும் சொன்னார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். அண்ணாச்சி எழுந்து என்னிடம் வந்து மைக்குக்குக் கை நீட்டினார். அதுவரை அவர் மைக்கைத் தொட்டு நான் பார்த்ததே இல்லை.

"மக்களே, நான்தான் பேசுகேன். இத்தன வருசமா ஒங்கள நிக்கச் சொன்னது நான். இப்பம் இரியுங்கன்னு சொல்லுகதும் நான்தான். எனக்க தொண்ட பழக்கத்துல செருமும், அத காரியமா எடுக்காண்டாம்."

ஆபீஸ் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். எல்லோரும் இன்னும் விறைப்பாக நின்றார்கள். மைக் ஆயிற்றே! அப்போது அவர் அந்தத் தென்காசிப் பெண்ணைக் கூப்பிட்டார். நம்பர் சொல்லி அல்ல, பெயர் சொல்லி. "இரி மோளே" என்றார். பிறகு மைக்கை வாயருகிலேயே பிடித்தபடி காத்திருந்தார். அவர் மூச்சு விடுவது கடை முழுக்கக் கேட்டது. அவள் ஸ்டூலில் இருந்த புடவைக் கட்டை எடுத்துக் கீழே வைத்தாள். மெதுவாக உட்கார்ந்தாள்.

அடுத்து அவள் பக்கத்தில் நின்றவளின் பெயர். அப்புறம் அதற்கடுத்தவள். மாடியில் இருப்பவர்கள், குடோனில் இருப்பவர்கள், புதிதாகச் சேர்ந்த பெண் என்று ஒருத்தரையும் விடவில்லை. கையில் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு சொல்லிக்கொண்டே போனார். பாதிப் பேரின் பெயர் எனக்கே அன்றுதான் தெரியும். இத்தனை பெயரையும் மனதில் வைத்துக்கொண்டா இந்த மனுஷன் நம்பர் சொல்லிக் கூப்பிட வைத்தார்! ஒவ்வொரு பெயருக்கும் எங்கோ ஒரு ஸ்டூல் இழுபடும் சத்தம் கேட்டது. மழைக்கு ஒதுங்கிய வாடிக்கையாளர்கள் சிலர் என்னவோ ஏதோ என்று நின்று பார்த்தார்கள். அவர்கள் நிற்க, எங்கள் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மேடம் வாயில் கை வைத்தபடி அசையாமல் இருந்தார்.

கடைசியில் என் பெயரும் வந்தது. மைக் வேலையே உட்கார்ந்து பார்ப்பதுதான், நான் ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தேன். ஆனாலும் அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது.

அந்தப் பெண் பிரசவத்துக்கு ஊருக்குப் போகும்வரை வேலை பார்த்தாள். பெண் குழந்தை பிறந்தது. அண்ணாச்சி செருமுவதை விடவில்லை. "கேட்டாச்சு அண்ணாச்சி" என்று பெண்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுப்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டு போய்விடுவார். நம்பர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் அன்றோடு சரி.

நோட்டீஸ் சொல்லியும் நான் சொல்லியும் நடக்காத ஒன்று, நிற்க வைத்தவரே வந்து சொன்னதும் என் கண் முன்னால் நடந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டே ஒரு கடையின் பயத்தை இறக்கி வைக்க முடியும் என்ற பிரமிப்பு, மைக்கை ஆன் செய்யும்போதெல்லாம் இன்றைக்கும் என்னை ஒரு நிமிடம் நிதானிக்க வைக்கிறது.