தீபாவளி அட்வான்ஸைப் பற்றி நான் எழுதியது

பதுளையில் உயர்தர வகுப்பு மாணவர்களுக்கு வணிகக் கல்வி சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறேன். அதோடு இங்கிருந்து வெளிவரும் ஒரு சின்ன மாதப் பத்திரிகையில் பணத்தைப் பற்றி எழுதுகிறேன். சேமிப்பு, கடன், சம்பளத் துண்டைப் படிப்பது எப்படி, இந்த மாதிரி. முதல் வருடம் நான் எழுதியதை ஒருவரும் சீண்டவில்லை. அட்டவணை போட்டேன், சதவீதம் போட்டேன். "கொஞ்சம் சுவையா எழுதுங்க டீச்சர், சனம் பக்கத்தப் புரட்டிட்டுப் போயிருது" என்றார் ஆசிரியர். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. சுவையாக எழுத எனக்கா தெரியாது?

அந்த ரோஷத்தில் எழுதியதுதான் தீபாவளி அட்வான்ஸ் கட்டுரை. தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தீபாவளிக்கு முன்னால் தோட்ட நிர்வாகம் ஒரு தொகையைக் கையில் கொடுக்கும். பிறகு மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும். கடன்தான். ஆனால் எங்கள் ஆட்கள் அதைத் தாய்வீட்டுச் சீர் வந்த மாதிரி வாங்குவார்கள். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை பெயர் எழுத உட்கார்ந்தால் ஒரே தள்ளுமுள்ளு. அதைத்தான் நையாண்டி செய்தேன். "கடனையும் வாங்கிக்கொண்டு கும்பிடும் போடுகிறோம்" என்று ஒரு வரி. "இந்த வருடம் பெயர் கொடுக்காதீர்கள்" என்று முடித்தேன்.

முதலில் எழுதியபோது நடுவில் "இந்தக் கடனுக்கு வட்டி கிடையாது" என்று இருந்தது. உண்மையை மறைக்க வேண்டும் என்றெல்லாம் நினைக்கவில்லை. அது கிண்டலின் வேகத்தைக் கெடுத்தது. அடித்துவிட்டேன்.

கட்டுரை பிய்த்துக்கொண்டு போனது. படம் பிடித்து போனுக்குப் போன் அனுப்பினார்கள். பண்டாரவளைச் சந்தையில் கரட் நிறுத்துக் கொடுத்தவர், "அத எழுதினது நீங்கதானுங்களே?" என்று கேட்டுச் சிரித்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

என் அக்கா லுணுகலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். அப்பா போன பிறகு அவள் பறித்த கொழுந்தில்தான் நான் படித்தேன். நான் எழுதுவதையெல்லாம் லயத்தில், அந்த வரிசை வீடுகளில் இருக்கும் பெண்களுக்குச் சத்தமாகப் படித்துக்காட்டுவாள். அந்த வருடம் அவள் அட்வான்ஸுக்குப் பெயர் கொடுக்கவில்லை. தங்கச்சியே எழுதியிருக்கிறாள் என்று சொல்லி, கூட வேலை செய்யும் நான்கு பேரையும் கொடுக்கவிடவில்லை.

ஆனால் தீபாவளி வராமல் இருந்துவிடுமா? அக்காவுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். புதுத்துணி இல்லாமல் எப்படி? கடைசி வாரம் லயத்துக்கு வந்த ஒரு கடன் கம்பனியிடம் ஐந்து பேரும் ஒருவருக்கொருவர் பிணை நின்று கடன் வாங்கினார்கள். வட்டியோடு, வாரத் தவணையில். என்னிடம் அதைச் சொல்லவில்லை. "அட்வான்ஸ் வாங்கல தெரியுமா!" என்று மட்டும் போனில் பெருமைப்பட்டாள். அதை அடுத்த இதழில் ஒரு வெற்றிக் கதையாக நான் எழுதினேன். இன்றைக்கும் அதை நினைத்தால் என் மேலேயே காறித் துப்ப வேண்டும் போலிருக்கிறது.

மழையில் வேலைநாள் குறைந்தது. தவணை தவறியது. முதல் கடனைக் கட்ட இரண்டாவது, இரண்டாவதைக் கட்ட மூன்றாவது. வசூலுக்கு வருகிறவர் வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்தால் காசு கைக்கு வராமல் எழுந்திருக்க மாட்டார். அக்கா கட்டாத வாரம் மற்ற நான்கு பேரும் சேர்ந்து அவளுக்காகக் கட்ட வேண்டும். தண்ணீர் பிடிக்கும் இடத்தில் அவர்கள் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள்.

இதெல்லாம் எனக்குத் தெரிந்தது, பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்க அவள் பதுளைக்கு வந்தபோதுதான்.

"சவுதிக்கு வீட்டு வேலைக்குப் போறேன். ஏஜென்சிக்காரரு முன்காசு தாராரு. வெள்ளிக்கிழமை கையெழுத்து வைக்கணும்."

"புள்ளைங்க?"

"நீ இருக்கேல்ல."

திங்கள் முதல் நாய் மாதிரி அலைந்தேன். வங்கியில் இரண்டு அரசாங்க உத்தியோகத்தரைப் பிணைக்குக் கொண்டு வா என்றார்கள். எனக்காக யார் வருவார்? என் சங்கிலியை அடகு வைத்தேன், ஒரு கடனில் பாதிகூட அடையவில்லை. புதன்கிழமை பகலில், வேறு வழி தெரியாமல், எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். எழுதினேன். கடன் எப்படி ஓடுகிறது என்று ஐந்து பேருக்கும் விளங்கினால், ஒன்றாகப் போய்த் தவணையைக் குறைக்கச் சொல்வார்கள், அக்கா சவுதிக்குப் போகாமல் நின்றுவிடுவாள் என்று ஒரு நப்பாசை.

அதில் ஒரு நையாண்டியும் இல்லை. பக்கத்து வீட்டில் பத்துச் சுண்டு அரிசி கடன் வாங்குகிறீர்கள். வாரம் ஒரு சுண்டாகத் திருப்புகிறீர்கள். ஐந்து வாரத்தில் பாதி அரிசி அவர்கள் பானைக்குப் போய்விட்டது. ஆனாலும் பத்துச் சுண்டும் உங்களிடமே இருப்பதுபோல, கடைசி வாரம்வரை பத்துக்கும் வட்டி அரிசி கேட்கிறார்கள். கம்பனிக் கடன் இதுதான். தோட்டத்து அட்வான்ஸில் பத்துச் சுண்டு வாங்கினால் பத்துச் சுண்டு கொடுத்தால் போதும். அதை நான் அப்போது சொல்லவில்லை. வாங்காதீர்கள் என்று எழுதியது என் தப்பு.

வியாழக்கிழமை லயத்துக்குப் போய் அக்காவுக்குப் படித்துக்காட்டினேன். அரிசிக் கதையை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். பிறகு மகளின் அப்பியாசக் கொப்பியை எடுத்து, மூன்று கடன் அட்டைகளையும் தரையில் பரப்பி, தானே கணக்குப் போட ஆரம்பித்தாள். இத்தனை காலத்தில் நான் எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் பென்சிலைக் கையில் எடுத்ததை அன்றுதான் பார்த்தேன். பாவி மனசு, அந்த நேரத்திலும் சந்தோஷப்பட்டது.

"இப்பத்தான் வெளங்குது. இதுல சிரிப்பு ஒன்னும் இல்ல, ஆனா மண்டையில ஏறுது. இனிமே இப்பிடியே எழுது."

"அப்ப போகாதக்கா. நாலு பேரையும் கூட்டிக்கிட்டு கம்பனிக்குப் போவோம். நான் பேசுறேன்."

"அவங்க யாரும் என் கூட வரமாட்டாங்க" என்றாள். குரலில் கோபமே இல்லை. அழுதிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கொப்பியை என் பக்கம் திருப்பி வைத்தாள்.

"கடன அடைக்க அங்க ஒரு வருசம் வேல செஞ்சா போதும்னு ஏஜென்சிக்காரரு சொன்னாரு. அவரு அசல மட்டும் பாத்திருக்காரு. நீ எழுதின மாதிரி போட்டுப் பாத்தா பத்தாது. ரெண்டு வருசம் இருக்கணும். கூட்டல் சரியான்னு பாரு."

பார்த்தேன். சரியாக இருந்தது.